தொண்ணூற்றாறு இலக்கங்களில் ஒரு நாதஸ்வரம்

அந்தப் பெட்டியில் கட்டைகள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "கட்டை எங்கே?" என்பதுதான். பதினேழு அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குல உயரம், கறுப்புத் தகடு. முன்பக்கம் இரண்டு வரி எழுத்துக் காட்டும் ஒரு சிறிய கண்ணாடி, எட்டுப் பொத்தான்கள், ஒரு சிவப்பு விளக்கு. பின்பக்கம் ஐந்து ஊசி நுழையும் வட்டத் துளைகள். யப்பானில் செய்தது. உள்ளே வாத்தியங்களின் ஒலிகள் இலக்கங்களாக இருந்தன. ஒரு கீபோட்டை வயரால் இணைத்து அதன் கட்டையை அழுத்தினால் பெட்டி ஒலிக்கும். கீபோட்டுக்குத் தனியாக வாய் இல்லை. பெட்டிக்குத் தனியாக விரல் இல்லை. அரசாங்கக் கந்தோரில் படவரைஞனாக இருந்த எனக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கியது. எங்கள் கந்தோரிலும் கையொப்பம் வைப்பவருக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தவர் கையொப்பம் வைக்க முடியாது.

அது கண்டிக்கு மேலே மலையில் இருந்த ஓர் உல்லாச விடுதிக்காக வந்தது. வெள்ளைக்காரர் வருவார்கள், இரவு விருந்தில் இசை கேட்பார்கள் என்று நம்பி வாங்கினார்கள். வடக்கில் யுத்தம் நடந்தது. பிறகு தெற்கிலும் கிளர்ச்சி வந்தது, வீதியோரங்களில் டயர் எரிந்தது. வெள்ளைக்காரர் வரவில்லை. பியானோ வாசித்தவர் மாலைதீவுக்குப் போய்விட்டார். விடுதியைப் பூட்டியபோது கதிரைகளுக்கும் கரண்டிகளுக்கும் ஆள் இருந்தது, கட்டையில்லாத பெட்டிக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

அதன் நல்ல குணங்களை முதலில் எழுதுகிறேன். சுருதி விலகாது. கண்டியின் ஐப்பசி மழையில் என் ஆர்மோனியம் விலகும், வயலின் விலகும், வீட்டில் பஜனை வைத்தால் மனைவியின் தம்பியும் விலகுவான். பெட்டி விலகாது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். அதிலிருந்த மணியோசையைப் போல் சுத்தமான மணியோசையை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. கோயில் மணிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

குறைகள் அதிகம். ஓர் ஒலியை மாற்றுவதற்கு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இறங்கிப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் தெரியும். அதை மாற்றி, அடுத்ததற்குப் போய், அதையும் மாற்றி, முன்னதைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் வந்த வழியே நடக்க வேண்டும். ஒரு முழு ஒலிக்குத் தொண்ணூற்றாறு இலக்கங்கள். கொம்பனி அழிக்க முடியாதபடி வைத்துவிட்ட ஒலிகள் அறுபத்து நான்கு இருந்தன. அவற்றில் ஒபோ என்ற ஐரோப்பிய ஊதுகுழல் இருந்தது, கடலலை இருந்தது, டெலிபோன் மணி இருந்தது, ஹெலிகொப்டரும் இருந்தது. நாதஸ்வரம் இல்லை. நாட்டில் அப்போது ஹெலிகொப்டருக்குப் பஞ்சம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் அதை ஒரு பழைய கீபோட்டோடு இணைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். திகனவில் எங்கள் வீடு. நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், வேலை கண்டியில், பாதை மூடிக் கிடந்தபடியால் ஊர் என்பது கடிதத்தில் மட்டும் வருகின்ற ஒரு முகவரியாக இருந்தது. இப்படியிருக்கையில் ஒரு நாள் பின்னேரம் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் குடையோடு வந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவரும் வடக்கிலிருந்து வந்தவர். ரயில் ஓடாத காலத்திலும் பொக்கற் மணிக்கூட்டைப் பார்க்காமல் ஒரு வசனம் பேச மாட்டார். இளைய மகளுக்குக் கலியாணம் ஒழுங்காகியிருந்தது.

"தம்பி, வவுனியாவிலை மேளகாரருக்கு ஆமி பாஸ் குடுக்கேல்லையாம். வரமாட்டினம்."

"இஞ்சை ஆரையும் பிடியுங்கோவன் அண்ணை."

"இஞ்சை இருக்கிற ரெண்டு செற்றும் அண்டைக்கு வேறை கலியாணம். நல்ல நாள் எண்டால் எல்லாருக்கும் நல்ல நாள்தானே."

"அப்ப கசற் ஒண்டு போட்டால்?"

அவர் என்னை, சிக்னல் விழாமல் வண்டியை விட்ட ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கசற்றோ? தாலி கட்டேக்கை கசற் சிக்கினால் ஆர் இழுத்தெடுக்கிறது? ஆள் இருந்து வாசிக்கோணும். அதுதான் முறை. உம்மட்டை ஒரு யப்பான் பெட்டி கிடக்காம், எல்லாச் சத்தமும் வருமாம் எண்டு கேள்விப்பட்டன்."

நாதஸ்வரம் அதில் இல்லை என்று சொன்னேன். இல்லாவிட்டால் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், ஆனால் என்று தொடங்கினேன். "ஆனால்" அவருக்குக் கேட்கவில்லை.

"மற்றது எப்பிடியும் போகட்டும் தம்பி. கெட்டிமேளம் முக்கியம். தாலி ஏறேக்கை ஒரு தும்மல், ஒரு அழுகைச் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை காதிலை விழக்கூடாது. மூத்தவளுக்குக் கலியாண எழுத்து நடந்தது கலவரத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடத்து முகாமிலை. தாய் மஞ்சள் கயிறு ஒண்டு தேடியெடுத்தா. மேளமில்லை. பக்கத்து வாங்கிலை ஒரு மனிசி தன்ரை வீடு எரிஞ்சதைச் சொல்லி ஒப்பாரி வைக்க வைக்கத்தான் கட்டினது. அந்தச் சத்தம் இண்டைக்கும் எனக்குக் கேக்குது. இவளுக்கு அப்பிடி விடமாட்டன்."

மூத்த மகள் இப்போது கனடாவில் நலமாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை அந்த இடத்தில் சொல்ல முடியாது. நான் சம்மதித்தேன். அவருக்காக இரங்கினேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. யாரும் செய்யாததைச் செய்து காட்டலாம் என்ற ஆசை மற்றப் பாதி.

மூன்று வாரம் வேலை செய்தேன். ஒபோவிலிருந்து தொடங்கி அதன் இனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தேன். ஒபோ மேசையில் இருந்து சாப்பிடுகிற வாத்தியம். நாதஸ்வரம் வெட்டவெளியில் நின்று கத்துகிற வாத்தியம். அடுத்துத் தவிலுக்கு ஓர் ஒலி, தாளத்துக்கு ஓர் ஒலி, கூடவே ஊதுகிற ஒத்துக்கு ஓர் ஒலி. மொத்தம் நான்கு, முந்நூற்று எண்பத்து நான்கு இலக்கங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் பத்தி பிரித்து எழுதினேன். நீலம் முதல் எழுதியது, சிவப்பு திருத்தியது. எந்த இலக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எழுதி வைப்பதே மறப்பதற்காகத்தான் என்பது என் கட்சி.

மனைவி குசினியிலிருந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உது நாயனமில்லை. ஆரோ கிணத்துக்கை விழுந்து கூப்பிடுகினம்."

நான் இருபத்தேழாம் இலக்கத்தை நாற்பதிலிருந்து முப்பத்தாறுக்கு இறக்குவேன்.

"இப்ப கிணத்திலை இருந்து தூக்கியாச்சு. ஆனால் ஆள் பிழைக்காது."

மூன்றாவது வாரம் ஒரு நாள் தோடியில் நான்கு வரி வாசித்தேன். குசினியிலிருந்து ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மனைவி கையில் அகப்பையோடு நின்றார். "ம்," என்றார். அது பெரிய பாராட்டு.

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் கண்ணாடியில் ஓர் அறிவித்தல் வந்தது: உள் பற்றரி பலவீனம். அப்படியொரு பற்றரி உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது. நாம் செய்து வைக்கும் ஒலிகளைப் பெட்டி அணைந்திருக்கும் நேரத்தில் காத்து வைப்பது அந்தப் பொத்தான் அளவுப் பற்றரிதான். அறிவித்தலை நான் ஓர் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பெட்டியைப் போட்டபோது நாதஸ்வரம் இருந்த இடத்தில் பூச்சி ஊர்ந்ததுபோல் எழுத்துகள் கிடந்தன. அழுத்தினால் இரைச்சல். தவில், தாளம், ஒத்து எல்லாம் அதே இரைச்சல்.

கொப்பியை எடுத்தேன். நான்கு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் இருந்து எல்லா இலக்கங்களையும் திரும்ப ஏற்றினேன். நாதஸ்வரம் இம்மி பிசகாமல் திரும்பி வந்தது. அன்று கொப்பியைப் பற்றி நான் கொண்ட பெருமையை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அணைத்தால் மறுபடி போய்விடும். கெலிஓயாவில் ரேடியோ திருத்துகிற முஸ்லிம் ஒருவரிடம் பஸ்ஸில் ஓடிப்போய், பெட்டியைப் பற்றி விபரமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஈயம் போட்டு ஒட்டின பட்டரி சேர் அது. கழட்டித் தாறேன், அது லேசு. புதுசு கொழும்புல இருந்து வரணும். திரும்ப வெச்ச பொறகு பெட்டி பேசுமா எண்டு மட்டும் என்னட்டக் கேக்க வாணாம்."

கொழும்பிலிருந்து பற்றரி வருவதற்குள் கலியாணப் பெண்ணுக்கு வளைகாப்பும் முடிந்துவிடும். மண்டபத்திலேயே இருந்து இலக்கங்களை ஏற்றலாம் என்றால், காலை ஏழு மணிக்குத்தான் மண்டபத்துப் பூட்டின் திறப்பைத் தருவார்கள். முகூர்த்தம் பத்து பன்னிரண்டு. நான்கு மணித்தியாலம் ஐம்பது நிமிடத்தை மூன்று மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடைக்க முடியாது. ஆகவே ஒரே வழிதான் இருந்தது. பெட்டியை அணைக்கவே கூடாது. எரிந்தபடியே வைத்திருந்து, எரிந்தபடியே மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த நாட்களில் மின்வெட்டு வேறு. பெட்டி பன்னிரண்டு வோல்ற்றில் ஓடுவது என் அதிர்ஷ்டம். திகனவில் வான் ஓட்டுகிற ஒருவர் ஒரு வாகனப் பற்றரி கொண்டுவந்து தந்தார். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்துக் கூடையைத் தூக்காமல் தப்பி ஸ்டியரிங்கைப் பிடித்தவர். கலியாணத்துக்கு என்னையும் சாமான்களையும் ஏற்றிப் போவதும் அவர்தான். மூன்று நாள் அந்தச் சிவப்பு விளக்கை நானும் மனைவியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

"கோயில் தூண்டாமணி விளக்கைக்கூட ஐயர் இப்பிடிப் பாக்கிறேல்லை," என்றார் மனைவி. ஆனால் தன் முறைக்கு நேரம் தவறாமல் வந்து உட்கார்ந்தார்.

கலியாணத்தன்று காலை ஆறு நாற்பதுக்கு வான் புறப்பட்டது. கீபோட்டும் ஒலிபெருக்கியும் பின்னால். மனைவி உறவினரோடு வேறு வாகனத்தில் வருவதாக ஏற்பாடு. நான் முன் ஆசனத்தில். பெட்டி என் மடியில், குளிர்படாமல் ஒரு துவாயால் சுற்றியிருந்தது. சிவப்பு விளக்கு துவாய்க்கு ஊடாகத் தெரிந்தது. பெட்டியிலிருந்து சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று, இரண்டும் என் கால்களுக்கு இடையில் இருந்த பற்றரிக்கு இறங்கின. கொப்பி சட்டைக்குள். நான் எத்தனையோ விபரங்களை யோசித்துத் திட்டமிட்டிருந்தேன். நான் எப்படித் தோற்றமளிக்கிறேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மகாவலிப் பாலத்துக்குக் கிட்டச் சோதனைச் சாவடி. ஓர் இளம் சிப்பாய் என் பக்கக் கதவைத் திறந்தார். துவாயைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். வயர்களின் வழியே அவர் கண் பற்றரிவரை இறங்கிப் போனது. பிறகு கை நீண்டது. அது வயரில் பட்டால் மூன்று வாரம் போய்விடும் என்பது மட்டுமே என் மூளையில் இருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கந்தோரில் இருபது வருடமாகத் திருத்தமாகப் பேசிப் பழகிய சிங்களத்தில், உரத்த குரலில் சொன்னேன்:

"வயரைத் தொட வேண்டாம்!"

அப்படி ஒரு வசனத்தை அப்படி ஒரு காலத்தில், அப்படி ஒரு பெயர் எழுதிய அடையாள அட்டையை வைத்திருக்கிற ஒருவன் சொல்லக் கூடாது. சிப்பாய் பாய்ந்து பின்னால் போனார். விசில் கேட்டது. பின்னால் நின்ற பஸ் தானாகவே பின்னோக்கி நகர்ந்தது. இருபது யார் தூரத்துக்குள் நானும் பெட்டியும் வான்காரரும்தான் மிச்சம்.

வான்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்:

"சார், ஒங்களுக்குச் சிங்களம் தெரியாம இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

"இப்ப என்ன செய்யிறது?"

"மூச்சு விடுங்க. பெட்டிய விட்றாதீங்க. நான் பேசுறேன்."

அவருடைய சிங்களம் சந்தைச் சிங்களம், இலக்கணம் இல்லாதது, ஆட்களைச் சிரிக்க வைப்பது. கலியாணம், மேளம், கிழவன், பைத்தியம் என்ற சொற்களை நான் பிரித்து அறிந்தேன். கிழவன் ஸ்டேஷன் மாஸ்டர் என்றும் பைத்தியம் நான் என்றும் பிறகு விளக்கம் தந்தார்.

ஓர் அதிகாரி வந்தார். நடுவயது, சிவந்த கண்கள், நித்திரை போதாத ஆள். இது என்ன என்று கேட்டார். வாத்தியம் என்றேன். கட்டை எங்கே என்றார். பின்னால் இருக்கிறது என்றேன். வாசிக்கச் சொன்னார். வீதியோரத்தில் மண்மூட்டைகளின் மேல் கீபோட்டை வைத்து இணைத்தார்கள். பெட்டி என் மடியை விட்டு இறங்கவில்லை. கீபோட் டோர்ச் பற்றரியில் ஓடும். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லாததால் என் ஹெட்போனை அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டார். நான் வாசித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கட்டைகள் தட்டுப்படும் மரச் சத்தம் மட்டும். அவருடைய முகத்தைப் பார்த்து வாசித்தேன். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு தலையைக் கொஞ்சம் சரித்தார். இரண்டு நிமிடம் கேட்டிருப்பார். அதுவரை யாரும் என் நாதஸ்வரத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்ட இருந்து கேட்டதில்லை.

"இது எங்கள் ஹொரணாவ போல் இருக்கிறது," என்றார், கண்டியின் புத்த கோயிலான தலதா மாளிகையில் ஊதுகிற குழலைச் சொல்லி. "ஆனால் பிழை. ஹொரணாவ இவ்வளவு நடுங்காது."

நடுக்கம் அறுபத்தோராம் இலக்கம். அது கூடுதல் என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

வாத்தியம் என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கட்டளை கட்டளைதான். பற்றரி போகலாம், பெட்டி போகலாம், வயரால் இணைந்தபடி நகரத்துக்குள் போக முடியாது. அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றேன். என்ன அழியும் என்றார். நாதஸ்வரம் என்றேன். அதை இப்போதுதானே கேட்டேன், அது இருக்கிறதே என்றார். இதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் பக்கத்தில் துப்பாக்கிகள் இருந்தன. சிப்பாய் வயரை நோக்கி மறுபடி வந்தார். நானே கழற்றுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். கழற்றினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுகூட எனக்குப் பெரிய கலக்கமில்லை. கொப்பி இருந்தது. நாதஸ்வரம் ஒன்றையாவது ஏற்றிவிடலாம். அப்போதுதான் சிப்பாய் என் சட்டைக்குள் இருந்த கொப்பியை எடுத்தார். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். பத்தி பத்தியாக இலக்கங்கள், நீலமும் சிவப்பும், ஒரு சொல் இல்லை. அவர் முகம் மறுபடி கந்தோர் முகமாகியது. இதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும் என்றார். கொப்பி பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். பெட்டியையும் பற்றரியையும் போகவிட்டு, நாற்பது பக்கக் கொப்பியைக் காவலில் வைத்தார்கள். துண்டு இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கொப்பி வரவில்லை.

மண்டபத்துக்குப் போனபோது எட்டு இருபத்தைந்து. ஸ்டேஷன் மாஸ்டர் பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார், கையில் மணிக்கூடு.

"பிந்திப்போச்சு தம்பி. எல்லாம் சரியே?"

"அண்ணை, நாதஸ்வரம் இல்லை."

"மேளம்?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்ன கிடக்கு?"

"பெட்டி கிடக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மணிக்கூட்டை மூடினார், திறந்தார், மூடினார். உள்ளே பெண்ணின் தாய் யாரையோ பூ கேட்டுக் கூப்பிடும் சத்தம் வந்தது.

"எனக்கு உம்மடை இலக்கமொண்டும் விளங்காது. பத்து பன்னிரண்டுக்கு என்ரை பிள்ளையின்ரை காதிலை ஒரு கெட்ட சத்தமும் விழக்கூடாது. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போனார்.

உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து ஏற்றிப் பார்த்தேன். தொண்ணூற்றாறில் பதினொன்று ஞாபகம் வந்தது. பதினொரு இலக்கத்தில் வந்தது வாத்து. விட்டுவிட்டேன். கொம்பனி அழியாமல் வைத்த ஒபோவை வலது கைக்கு வைத்தேன். இடது கைக்குத் தவில்போல் ஏதாவது வேண்டும். இருந்தவற்றுள் ஐரோப்பியப் பெரிய முரசு ஒன்றும், மரக்கட்டை தட்டுகிற ஒலி ஒன்றும் பரவாயில்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். கணபதி பூசைக்கு ஒபோ வாசித்தேன். முன்வரிசையில் ஒரு மாமி, "சேர்ச்சிலை இருக்கிறமாதிரிக் கிடக்கு," என்றார். ஐயர் திரும்பிப் பார்த்தார். நான் நெற்றியில் இருந்த விபூதியை அவர் பார்க்கும்படி நிமிர்ந்தேன்.

பத்து பன்னிரண்டு. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஐயர் விரலை உயர்த்தி ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தப் பெட்டி ஒரே நேரத்தில் பதினாறு ஸ்வரங்களுக்கு மேல் ஒலிக்க மாட்டாது. பதினேழாவதை அழுத்தினால், முதலில் அழுத்தியதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுப் புதியதை உள்ளே விடும். இதை நான் என் நாட்குறிப்பில் பெரிய குறையாக எழுதி வைத்திருந்தேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒழுங்கான விரல் ஒன்றும் ஓடவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கீபோட்டின் கீழ்ப்பாதியை அறைந்தேன். மறுபடி அறைந்தேன். முழங்கையும் போனது. பெட்டி தள்ளுவதும் விடுவதுமாகத் திணறியது. முரசு பாதியில் அறுந்தது, மரக்கட்டை அதன் இடத்தில் புகுந்தது, அதுவும் அறுந்தது. வந்த சத்தம் தவில் இல்லை. உருளைப் பீப்பாய்களும் தேங்காய்களும் ஏற்றிய லொறி ஒன்று மலைச்சரிவில் குடைசாய்ந்து வருகிற சத்தம். ஆனால் அறுந்து அறுந்து வந்ததால் அதற்கு ஒரு வேகம் இருந்தது. மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அரிசி பறந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு மனிதர் வாய் பிளந்து, கண்ணை மூடி, முழு உடம்பும் குலுங்கத் தும்மினார். அவர் தும்மியதை நான் கண்ணால் கண்டேன். காதால் கேட்கவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்தது. நாற்பத்தோரு செக்கன். கையை எடுத்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் மணவறைக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"காணும் தம்பி, போதும்," என்றார். "ஒண்டும் கேக்கேல்லை. ஒண்டுமே கேக்கேல்லை."

என் வாழ்க்கையில் என் வாசிப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அதன் பிறகு வந்த விமர்சனங்கள் இரண்டு: சத்தம் கூட, கதிரை கிட்ட. நாதஸ்வரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வாரம் நான் எந்தக் காதுக்காக அறுபத்தோராம் இலக்கத்தோடு மல்லுக்கட்டினேனோ, அந்தக் காது பாலத்தடியில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்ற ஒருவருடையது என்று அப்போது தெரிந்தது.

சற்று நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு தட்டத்தில் வேட்டி, சால்வை, வெற்றிலை பாக்கு, பழம் வைத்து இரண்டு கையாலும் தந்தார். கலியாணத்தில் மேளகாரருக்குச் செய்கிற மரியாதை. அவர் முறை பிசக மாட்டார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். பிறகு சாப்பாட்டுக்குப் போனேன். பந்தியை ஒழுங்குபண்ணிக்கொண்டு நின்றவர் பெண்ணின் சித்தப்பாவாம், கொழும்பிலிருந்து வந்தவர், என்னைத் தெரியாதவர். என் கையிலிருந்த தட்டத்தைப் பார்த்தார்.

"மேளகாரருக்குப் பின்னாலை போட்டிருக்கு. இஞ்சை சனம் இருக்கப்போகுது."

எங்கள் பக்கத்தில் மேளம் வாசிப்பது தொழில் மட்டும் இல்லை, சாதியும்கூட. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. பழக்கமான குரலில், பாதணி வைக்கிற இடத்தைக் காட்டுகிறவரைப்போல் சொன்னார். நான் மேளகாரன் இல்லை, படவரைஞன் என்று சொல்ல வாய் திறந்தேன். என் தகப்பனாரின் உத்தியோகமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையில் தட்டம் இருந்தது. தட்டத்தை வாங்கியவன் நான்தான். அதைப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்ல முடியவில்லை. உள்ளே என் மனைவி முதல் பந்தியில், பெண்ணின் மாமிக்குப் பக்கத்தில், இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் சமையல் கொட்டிலுக்குப் பக்கத்தில் தகரத்துக்குக் கீழே ஒரு நீட்டு வாங்கு. வான்காரர் ஏற்கெனவே பாதி இலை முடித்திருந்தார். நகர்ந்து இடம் தந்தார்.

"வாங்க சார். இங்கதான் சோறு சூடா வரும். சட்டிக்குப் பக்கம்ல."

"உம்மை ஏன் இஞ்சை இருத்தினவை?"

"என்னைய எங்கயும் இங்கதான் சார் ஒக்கார வைப்பாங்க. தோட்டத்து ஆளுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. நீங்கதான் இன்னைக்குப் புதுசு." பருப்பை இழுத்துக்கொண்டு சிரித்தார். "கோவமா வருதா?"

"இல்லை," என்றேன்.

"பொய் சொல்லாதீங்க சார். மொத தடவ எல்லாருக்கும் வரும்."

வந்தது உண்மைதான். எனக்குக் கோபம் வந்தது, அது அந்தப் பந்தி முறையின் மேல் வந்த கோபம் இல்லை, அதற்குள் என்னைத் தவறாகப் போட்டதற்காக வந்த கோபம். அன்றுவரை போன ஒவ்வொரு கலியாணத்தையும் நான் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். முகூர்த்தம், எத்தனை கறி, பாயசத்தில் முந்திரி இருந்ததா, யார் மோதிரத்தைத் தொலைத்தார்கள் எல்லாம் இருக்கிறது. பிறகு புரட்டிப் பார்த்தேன். மேளகாரர் எங்கே சாப்பிட்டார்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை.

பாயசம் வருகிற நேரத்தில் மனைவி கை கழுவப் பின்பக்கம் வந்து என்னைக் கண்டார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் இரண்டு அடி வைத்து நின்றார்.

"இஞ்சை என்ன செய்யிறியள்? எழும்புங்கோ. ஆக்கள் பாக்கினம்."

வான்காரர் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

நான் எழும்பவில்லை. கொள்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாயசம் அப்போதுதான் ஊற்றியிருந்தார்கள், நல்ல சூடாக இருந்தது. "நீரும் இரும், இடம் கிடக்கு," என்றேன். மனைவி வாங்கைப் பார்த்தார், மண்டபத்து வாசலைப் பார்த்தார், சேலைக் கரையைப் பார்த்தார். உட்காரவில்லை. போகவும் இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.